ஐந்நூறுக்குள்

நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. காலை ஆறு மணிக்குப் பார்த்தபோதும் அதுதான், இப்போது பத்தேகாலுக்குப் பார்க்கும்போதும் அதுதான், மெயினை இறக்கிவிட்ட பிறகு அது எப்படி ஏறும், ஏறாது என்று எனக்கு நன்றாகவே தெரியும், தெரிந்தும் ஐந்தாவது தடவையாக வாசல் கிரில்லுக்குள் ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று மீட்டரைப் பார்க்கிறேன், சிவப்பு விளக்கு சிமிட்டாமல் முழித்தபடி நிற்கிறது, அப்படியே நில்லு ராசா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குகிறேன். ஐந்நூறு வரைக்கும் ஒரு ரேட்டு, அதற்கு மேல் ஒரே ஒரு யூனிட் போனாலும் அடியிலிருந்து கணக்கே மாறிவிடும், அந்த ஒரு யூனிட்டுக்காக இருநூறு முந்நூறு ரூபாய் கூடக் கட்ட வேண்டும், இது தெரியாத பொம்பளை இந்தத் தெருவில் கிடையாது. தெரிந்து என்ன செய்ய, ரீடிங் எடுக்கிறவர் பத்தாம் தேதி வர வேண்டியவர், பதினாலு ஆகியும் ஆளைக் காணோம், அவர் ஒரு நாள் பிந்தினால் நமக்கு எட்டு யூனிட் போகும் என்று அவருக்கு என்ன கவலை. எனக்குக் கவலை உண்டு. அதனால்தான் நாலு நாளாக ஃப்ரிட்ஜுக்கு லீவு, இரண்டு நாளாக கிரைண்டருக்கு லீவு, மாவு வாங்குகிற பத்து வீட்டிலும் பெல்ட் அறுந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன், இன்று விடிந்ததிலிருந்து மெயினுக்கே லீவு. ரெண்டு நாள் மாவு விக்கலைன்னா அதுலயும் காசு போகுமே தவமணி என்று என் வீட்டுக்காரர் நேற்று மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார், எனக்குத் தெரியும் என்றேன், அந்தக் கணக்கை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை. வில்லாபுரத்தில் இந்த வெயிலில் கரண்டை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன், இருக்கட்டும், கடன் வாங்கியவளும் நான் ஒருத்திதானே.

உள்ளே வந்து தரையில் உட்காருகிறேன். சிமெண்டுத் தரை முதுகுக்கு இதமாக இருக்கும், படுத்தால் தூக்கம் வரும், தூங்கினால் ரீடிங் ஆள் வந்து கூப்பிட்டுப் பார்த்து வீடு பூட்டு என்று எழுதிவிட்டுப் போய்விடுவார், அதனால் படுக்கக் கூடாது. மேலே ஃபேன் அசையாமல் தொங்குகிறது, இறக்கையில் இத்தனை தூசி இருப்பது ஓடும்போது தெரிவதில்லை. எதிரே பீரோ. அதன் கதவின் உள்பக்கம் நான் ஒட்டிய காலண்டர் தாள் இருக்கிறது, திறக்காமலே எனக்கு அது தெரியும், போன வருஷம் சித்திரைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை எதிரில் உட்காரவைத்து, இனிமேல் இந்த வீட்டில் எல்லாம் பாதி என்று சொல்லி, ‘எல்லாம் பாதி’ என்று ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதி ஒட்டினேன். பால் அரை லிட்டர் கால் லிட்டரானது. எண்ணெய், சீனி, டீத்தூள் எல்லாம் பாதி. குளிக்கிற சோப்பை நூலைப் போட்டு இரண்டாக அறுத்து ஒரு துண்டை ஒளித்துவைத்தேன், எதை எப்போது உடைத்தோம் என்று டப்பாவில் எல்லாம் தேதி எழுதினேன், தேதி எழுதினால் பண்டமே பயந்து நாலு நாள் கூட வரும் என்பது என் அனுபவம். மல்லிகைப்பூ தினமும் ஒரு முழம் என்பது வெள்ளிக்கிழமை மட்டும் என்றாகி, பிறகு அதுவும் இரண்டு வெள்ளிக்கு ஒன்று என்றானது, மதுரைக்காரிக்கு அது எப்படிப்பட்ட விரதம் என்று மதுரைக்காரிக்குத்தான் தெரியும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், நான் முதலில் அளக்காமல் போட்டுவிட்டு இப்போது ஆற்றையே அளந்துகொண்டிருக்கிறேன். அவரைச் சொல்ல வேண்டும், என் வீட்டுக்காரர் சௌந்தரபாண்டியை, பெரிய கடைவீதியில் ஒரு பாத்திரக்கடையில் இருபத்தேழு வருஷமாகப் பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர், நான் பாதி என்று சொன்னதும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாத்தியார் சொன்னதைக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டார். பாதித் தூரம் பஸ், பாதித் தூரம் நடை. கடையில் வாங்குகிற வடையைப் பிட்டுக் கல்லாக்காரரோடு பங்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் சவரம். ஒருநாள் ராத்திரி தோசையைக்கூடச் சரிபாதியாகப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார், அடப் பைத்தியக்கார மனுசா, சோத்துலயா பாதி சொன்னேன், தின்னுங்க என்று அதட்டினேன், சிரித்துக்கொண்டே தின்றார். நானும் மறுநாளெல்லாம் அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

கடன் எதற்கு என்று யாராவது கேட்டால் வியாபாரத்துக்கு என்று சொல்வேன், நிமிர்ந்துதான் சொல்வேன், சீட்டாடியா தோற்றேன். பிள்ளை ஒருத்தி, அவளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, ஓசூரில் நன்றாக இருக்கிறாள், இனி நமக்கென்று ஒரு தொழில் வேண்டும் என்று நினைத்தது தப்பா. என் கை மாவு எப்படி இருக்கும் என்று இந்தத் தெருவுக்கே தெரியும். பெரிய கிரைண்டர், ஃப்ரீசர், பாக்கெட் ஒட்டுகிற மெஷின், கடைக்கு அட்வான்ஸ், எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்து இருபதாயிரம், பேங்கில் பர்சனல் லோன், ஒரு பைனான்ஸ், மகளிர் குழு என்று மூன்று பக்கமும் கையெழுத்துப் போட்டேன். யோசிச்சுக்கலாமே என்று அவர் ஒரே ஒருமுறை சொன்னார், மாவுச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன், திரும்பாமலே எனக்குத் தெரியும் என்றேன். மூன்று மாதம் ஓகோ என்று ஓடியது. பிறகு சீல் வைத்த கம்பெனிப் பாக்கெட் எல்லாப் பெட்டிக்கடையிலும் தொங்க ஆரம்பித்தது, பிறகு அந்தச் சித்திரை, ராத்திரி முழுக்கக் கரண்டு இல்லாத அந்த நாள், அதை நினைக்க வேண்டாம், வேண்டாம் என்றால் நிற்கவா செய்கிறது, அறுபது பாக்கெட்டும் புளித்து உப்பி வெடித்து ஃப்ரீசர் இடுக்கில் எல்லாம் வழிந்து, சாக்கடையில் கொண்டுபோய் ஊற்றினால் அது நகராமல் அங்கேயே நின்று நுரைத்தது, தெருவே மூக்கைப் பொத்தியது, நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மறுநாள் விடிவதற்குள் அவர் ஒரு மூங்கில் குச்சியை வைத்துக்கொண்டு சாக்கடையைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி இரண்டு பேரும் ஆறியிருப்போம். நாற்பத்திரண்டாயிரத்துக்கு வாங்கிய ஃப்ரீசர் பதினைந்தாயிரத்துக்குப் போனது, கிரைண்டரை மட்டும் விற்கவில்லை, அதில்தான் பத்து வீட்டுக்கு இப்போதும் அரைத்துக் கொடுக்கிறேன்.

ஆனால் இப்போது பார். பதினாலு மாதத்தில் பைனான்ஸ்காரனை முடித்தாயிற்று, குழுக்கடனை முடித்தாயிற்று, பாக்கி பேங்கு ஒன்றுதான், அதில் எட்டுத் தவணை, மாசி வந்தால் முடிந்தது. அன்றைக்குப் போன் அடித்தாலே கடன்காரன்கள்தான், வாய்க்கு வந்தபடி பேசுவான்கள், இப்போது போன் அடித்தால் ஓசூரிலிருந்து பிள்ளை பேசுகிறாள். கடன் கட்டுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை, வீட்டில் ஒருத்தி கல்லாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். நான் நின்றேன். மாசி மாதம் கடைசித் தவணை கட்டியதும் என்ன செய்வது என்றுகூட யோசித்து வைத்திருக்கிறேன், இரண்டு முழம் மல்லிகை, அவருக்கு அரைக் கிலோ ஆட்டுக்கறி, அரைக் கிலோவா, ஒரு கிலோ. எதிர்வீட்டு ரமீஜா கிரில்லுக்கு வெளியே நின்று, அக்கா, ரீடிங் எடுக்கற அண்ணன் தையக்கடைத் தெருவுல நிக்கிறாராம், இவங்க பார்த்துட்டு வந்தாங்க என்று சொல்லிவிட்டுப் போகிறாள், இவங்க என்றால் அவள் புருஷன் காஜா, ஆட்டோ ஓட்டுகிறவர், சாப்பிட வந்திருப்பார். தையற்கடைத் தெருவில் முப்பது வீடு, அதை முடித்துத்தான் நம் தெரு, அதில் நம் வீடு பதினொன்றாவது, பன்னிரண்டரைக்குள் வந்துவிடுவார். நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. ஜெயித்தாயிற்று என்றே வைத்துக்கொள்ளலாம், வெயில் ஏறட்டும், மீட்டர் ஏறாது.

பானைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவருடைய இன்சுலின் குப்பி அதில்தான் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் லீவில் இருக்கிற நாளெல்லாம் மருந்து மண்பானையில், இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை, ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னதுதான், ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் பானையில் ஈரமணல் போட்டு அதற்குள் ஒரு டப்பாவில் குப்பியை வைக்கலாம் என்று, நமக்கு ஃப்ரிட்ஜ் இருக்கிறது, இருந்தும் இல்லாதவர்களாக இருக்க முடிந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. மணலில் கையை வைத்துப் பார்க்கிறேன், மேலாகக் காய்ந்திருக்கிறது, ஒரு சொம்பு ஊற்றுகிறேன், மணல் உறிஞ்சுகிற சத்தம் கேட்க நன்றாக இருக்கிறது. டப்பாவுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டதா என்று திறந்து பார்க்கிறேன், இல்லை, குப்பி காய்ந்தே இருக்கிறது. கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறேன். கால்வாசிக்கு மேல் இருக்கிறது. அட்டைப்பெட்டியில் என் கையெழுத்து, மே இருபத்தெட்டு. பரவாயில்லையே, இந்தக் குப்பி நன்றாக வருகிறதே என்று முதலில் தோன்றியது, உண்மையாகவே அப்படித்தான் தோன்றியது, எண்ணெய் டப்பாவைத் தூக்கிப் பார்த்துக் கனமாக இருந்தால் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி வருமே அந்தக் குளிர்ச்சி. போன மாதமே மருந்தில் மிச்சம் பிடித்து டயரியில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டேன், இந்த மாதமும் போடலாம் என்று நினைத்தபடி குப்பியை டப்பாவில் வைத்து, டப்பாவை மணலில் வைத்து, மூடி, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வாசலுக்கு வந்தேன்.

மீட்டர் அப்படியே நிற்கிறது. தெருவில் ஒரு நாய் சைக்கிள் நிழலில் படுத்திருக்கிறது. எண்ணெய் குறைவது நான் குறைத்து ஊற்றுவதால். சோப்பு, நான் அறுத்ததால். டீத்தூள், நான் வெளுப்பாகப் போடுவதால். மருந்து எப்படி. பத்தேமுக்கால் இருக்கும், ரமீஜா வீட்டில் மீன் பொரிக்கிறார்கள், இந்த வெயிலில் அடுப்பில் நிற்கிறாள் பாவம். மருந்தை நானா ஊற்றுகிறேன், அவர்தானே ஊசியில் எடுக்கிறார், விடிகாலையில் வாஷ்பேசின் பக்கம் திரும்பி நின்று சட்டையைத் தூக்கி, எனக்கு ஊசி என்றால் ஆகாது, நான் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. குப்பி ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும்போது என் கண்ணில் படுவதும் இல்லை. கம்பெனிக்காரன் ஒரு குப்பியில் கொஞ்சம் கூட ஊற்றியிருப்பான், எந்தக் கம்பெனிக்காரன் கூட ஊற்றுவான். டாக்டர் குறைத்திருப்பார், டாக்டரிடம் கடைசியாக எப்போது போனோம், தைப்பொங்கலுக்கு முன்னால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னவரிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகிறோம், அதுவும் பாதி. பெரியாஸ்பத்திரியில் சும்மாவே தருவார்கள், அதற்கு ஒரு நாள் லீவு போட்டு வரிசையில் நின்றால் சம்பளம் போய்விடும் என்று நான்தான் வேண்டாம் என்றேன், சரியான கணக்குத்தான் அது. உடம்பு இளைத்திருக்கிறார். இடுப்பில் பேண்ட் நிற்கவில்லை என்று பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டார், தொப்பை போயிருச்சு பாத்தீங்களா, என் சிக்கனம் உங்களுக்கு வைத்தியமும் பாக்குது என்றேன், நானேதான் சொன்னேன். ராத்திரி மூன்று தடவை எழுந்து போகிறார், வயசு. தலைமாட்டில் வைக்கிற தண்ணீர்ச் செம்பு விடியும்போது காலியாக இருக்கிறது, வெயில். போன வாரம் ஒரு கல்யாணச் சீர் குத்துவிளக்கில் பேர் வெட்டும்போது வரி கோணிவிட்டது, கண்ணு கொஞ்சம் மங்கலா இருந்துச்சு என்று வந்து சொன்னார், இருபத்தேழு வருஷத்தில் அவர் கையில் ஒரு வரி கோணியதில்லை, முதலாளி ஒன்றும் சொல்லவில்லையாம், அந்தக் காசைச் சம்பளத்தில் பிடிப்பாங்களா என்றுதான் நான் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன், ஒவ்வொன்றும் நல்ல காரணம்தான், எல்லாம் சேர்ந்து நிற்கும்போதுதான் எனக்கு ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

டயரியை எடுத்தேன். மருந்து வரியைத் தேடிப் பக்கம் புரட்டினேன். காலையில் இருபதாம் கோடு வரை, ராத்திரி பன்னிரண்டாம் கோடு வரை, டாக்டர் சீட்டில் இருக்கிறது, அப்படிப் போட்டால் ஒரு குப்பி பன்னிரண்டு நாள், ரொம்பப் போனால் பதின்மூன்று. மார்ச்சில் எத்தனை வாங்கினேன், மூன்று. ஏப்ரலில் இரண்டு. மே மாதம் மூன்றாம் தேதி ஒன்று, அதற்குப் பிறகு மே இருபத்தெட்டு. இருபத்தைந்து நாள். பன்னிரண்டு நாள் வர வேண்டிய குப்பி இருபத்தைந்து நாள் வந்திருக்கிறது, அதற்குப் பக்கத்தில் என் நட்சத்திரம், சிவப்பு மையில், நிறுத்தி நிதானமாக ஐந்து முனையும் சரியாக வரும்படி போட்டிருக்கிறேன். ஒரு குப்பி நூற்றைம்பது ரூபாய்க்குப் பக்கத்தில். மிச்சம் நூற்றைம்பது. சரிபாதி. தோசையைப் பிய்த்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாரே, அப்போது சிரித்தேனே, அதோடு நிறுத்திக்கொண்டார் என்று நான் நினைத்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம், அவர் எதையும் நிறுத்துகிற மனுஷனா, நான் பார்க்காத பக்கம் திரும்பி நின்று செய்திருக்கிறார். பயமாக இருந்தது. பைனான்ஸ்காரன் வாசலில் வந்து நின்றபோதுகூட எனக்கு இப்படிப் பயம் வந்ததில்லை, அவனிடம் பேசலாம், இதனிடம் என்ன பேசுவது, சர்க்கரை கண்ணில் போய் ஏறியிருக்கிறது, இனி எங்கே எல்லாம் ஏறியிருக்கிறதோ, கடைவீதி வெயிலில் பாதித் தூரம் நடந்து போகிற மனுஷன். போனை எடுத்தேன்.

சாப்ட்டியா என்றார் எடுத்தவுடனே, அது அவர் வழக்கம், பதினொன்றரைக்கு என்ன சாப்பாடு என்று நான் கடிந்துகொள்வதும் வழக்கம், இன்று கடிந்துகொள்ளவில்லை. பின்னால் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது.

“காலைல ஊசி எந்தக் கோடு வரைக்கும் எடுத்தீங்க?”

யாரோ அவரிடம் ஏதோ சட்டியை விலை கேட்டார்கள், இருங்கம்மா என்று அவர்களிடம் சொன்னார். கடைக்கு வெளியே வந்திருப்பார், பஸ் சத்தம் பெரிதாகக் கேட்டது.

“பத்து” என்றார்.

“டாக்டரு எத்தன சொன்னாரு?”

“இருவது.”

“ஏங்க.”

“நீதான தவமணி சொன்ன, எல்லாம் பாதின்னு.” குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரிதான் சொன்னார். “நல்லாத்தான் இருக்கேன், ஒண்ணும் செய்யல. கடன்லயும் பாதி என்னோடதுதான. அன்னைக்கு வேணாம்னு நான் சத்தமாச் சொல்லியிருக்கணும். சொல்லாம இருந்துட்டேன்.”

நான் சுவரில் சாய்ந்து நின்றேன். நான் உங்களையா பாதியாக்கச் சொன்னேன் என்று கேட்டேன், என் குரலே எனக்கு வேறு மாதிரி கேட்டது, அவர் அங்கே பதறிப்போய், அழாத அழாத, கடைவாசல்ல நிக்கிறேன் என்றார், அழுவது நான், நிற்பது அவர், இதில் கடைவாசலுக்கு என்ன. கிளம்பி வாங்க, டாக்டரிடம் போகணும், ஒரு மணி வரைக்கும் இருப்பார் என்றேன். அரை நாள் சம்பளம் பிடிப்பாங்க என்றார். பிடிக்கட்டும் என்றேன். ஆட்டோவில் வாங்க, முழுசா ஆட்டோவில் வாங்க என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

பிறகு நான் செய்த முதல் காரியம் மெயினை ஏற்றியது. சிவப்பு விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. ஃப்ரிட்ஜ் ஒரு உலுக்கு உலுக்கி ஓடத் தொடங்கியது, நாலு நாள் படுத்துக்கிடந்த பழைய ஃப்ரிட்ஜ், குளிர்வதற்குள் பாதி யூனிட்டைத் தின்றுவிடும், தின்னட்டும். குப்பியைப் பானையிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தேன், பிறகு எடுத்தேன், இந்த வெயிலில் பானையில் கிடந்தது கெட்டிருக்குமோ என்னமோ, டாக்டரிடம் காட்டி, அவர் தூரப்போடச் சொன்னால் போட்டுவிட வேண்டும், கால்வாசிக்கு மேல் இருக்கிறது என்று பார்க்கக் கூடாது. பீரோவைத் திறந்து அந்தக் காலண்டர் தாளைக் கிழிக்கப் போனேன், கிழிக்கவில்லை, எட்டுத் தவணை பாக்கி இருக்கிறதே. கட்டுவேன், எனக்கு அதில் சந்தேகமே இல்லை, வேறு எதையாவது அறுப்பேன். இரண்டு நாள் மாவு நின்றதில் எவ்வளவு போனது என்று நேற்றிலிருந்து போடாத கணக்கை நின்றபடியே போட்டேன், நானூறு, மீட்டரில் மிச்சம் பிடிக்க நினைத்ததைவிடக் கூட, அவர் நேற்றே சொன்னார், மெதுவாகத்தான் சொன்னார், அவர் மெதுவாகச் சொல்கிற மனுஷன் என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது. இனி அவர் மெதுவாகச் சொன்னாலும் எனக்குக் கேட்க வேண்டும். பீரோவை மூடிவிட்டு முகம் கழுவிச் சேலையை மாற்றினேன், டாக்டர் சீட்டையும் குப்பியையும், டயரிக்குள் ஒளித்துவைத்த ஐந்நூறு ரூபாய்த் தாளையும் பையில் வைத்தேன், ரமீஜா வீட்டு வாசலில் போய் நின்று, காஜா தம்பி, சாப்ட்டு முடிச்சதும் வண்டிய எடுக்கணும், ஆஸ்பத்திரிக்கு, எல்லாரிட்டயும் வாங்குற வாடகைய வாங்கிக்கணும் என்றேன். வாடகையா, போங்கக்கா என்றார், வாங்கலைன்னா ஏற மாட்டேன் என்றேன்.

அவர் பன்னிரண்டு மணிக்குத் தெருமுனையில் நடந்து வந்தார். நடந்து. சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, கையில் டிபன் பாக்ஸ் பையோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எவ்வளவு இளைத்திருக்கிறார், தினமும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதை எப்படித் தொப்பைக் கணக்கில் எழுதினேன். ஆட்டோ எங்கே என்றேன். பாதித் தூரம் ஆட்டோலதான் வந்தேன் என்றார், சொல்லும்போதே தப்பு என்று தெரிந்து தலையைக் குனிந்துகொண்டார், எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது, தெரு என்றும் பார்க்காமல் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தேன். ஹாலில் ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முதலில் மேலே அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார், பிறகு கிரில் பக்கம் திரும்பி மீட்டரைப் பார்த்தார், ரீடிங் எடுத்தாச்சா என்றார். இல்லை என்றேன். ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன், நின்றபடியே குடித்து முடித்தார், இன்னொரு சொம்பு கொடுத்தேன், அதையும் குடித்தார், அவர் குடித்து முடிக்கும் வரை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

காஜா வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தார். கிரில்லைப் பூட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தோம். தெருவின் அந்தக் கோடியில் நாலாவது வீட்டு வாசலில் ரீடிங் எடுக்கிறவர் தோளில் பையோடு நின்று கையில் இருந்த மெஷினைத் தட்டிக்கொண்டிருந்தார், நாலு நாளாக நான் கிழக்கேயும் மேற்கேயும் பார்த்துக் கழுத்து வலிக்கக் காத்திருந்த ஆள், வெள்ளைச் சட்டை, குடை ஒன்று கக்கத்தில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவர் என் தோளைத் தட்டினார்.

“தவமணி, இந்தா வந்துட்டாருல்ல. கால் மணி நேரம் நின்னு எடுத்துட்டுப் போயிருவோம். இன்னும் ஐந்நூறுக்குள்ளதான இருக்கு.”

“நீங்க போங்க தம்பி” என்றேன் காஜாவிடம்.

“பூட்டுன்னு எழுதிட்டுப் போயிருவாரு. இனி நாளைக்கு வர்றாரோ, நாளான்னைக்கு வர்றாரோ. தாண்டிரும்ல?”

“தாண்டிரும். எனக்குத் தெரியும்.”

வண்டி கிளம்பியது. ரீடிங் எடுக்கிறவர் எங்களுக்கு வழிவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி நின்றார், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டக் கையை ஓங்கியவர் எங்களைப் பார்த்து எந்த வீடு என்று ஞாபகப்படுத்திக்கொள்கிற மாதிரி பார்த்தார். நான் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இவர் மட்டும் கழுத்தைத் திருப்பித் திருப்பி எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டு வந்தார், கிரில் கம்பி வழியாக, திறந்திருந்த ஹால் ஜன்னல் வழியாக. திருப்பத்தில் வண்டி மெதுவானபோது என் பக்கம் சாய்ந்து, காஜா காதில் விழாமல் மெதுவாகச் சொன்னார். எனக்கு நன்றாகவே கேட்டது.

“ஃபேன அமத்த மறந்துட்ட.”

“மறக்கல” என்றேன்.